பதினோரு உளறல் கடிதங்கள்

“எங்க அம்மாவுக்குப் புத்தி பேதலிச்சிருச்சுன்னு நீங்க சொல்ல வேண்டாம். கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகலைன்னு எழுதிக் கொடுத்தாப் போதும்.”

எங்கள் ஆபீசுக்கு வருகிறவர்கள் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துத் தரச் சொல்வார்கள். ஒன்றுமே இல்லை என்று கண்டுபிடித்துத் தரச் சொன்ன முதல் ஆள் இவர்தான். நாற்பது வயது இருக்கும். சட்டை மடிப்பில் விரலை வைத்தால் ரத்தம் வந்துவிடும், அப்படி ஒரு இஸ்திரி. மனசுக்குள் அவருக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டேன்.

அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் என் அண்ணி. துப்பறிவாளர். நான் அவருடைய கொழுந்தன், உதவியாளர், டிரைவர், திட்டு வாங்குகிறவன். முன்னே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். ஒரு யு.பி.எஸ்ஸைத் திறக்கப் போய் அது என்னைத் தூக்கி எறிந்த நாளிலிருந்து எனக்குப் பெயர் கரண்டு. அண்ணிக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்தவை இரண்டு. போடுவது, அணைப்பது. இரண்டாவது பெரும்பாலும் மறந்துபோகும்.

“விவரமாச் சொல்லுங்க,” என்றார் அண்ணி.

இஸ்திரி சொன்னார். அம்மாவுக்கு அறுபத்து நான்கு வயது. பாத்ரூம் கழுவும் திரவம் தெறித்து இரண்டு கண்ணிலும் கட்டு. பன்னிரண்டு நாளாகிறது. ஆனாலும் தினம் ஒருமுறை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே தீருவேன் என்று அடம். தோழிக்கு மெயில் எழுத வேண்டுமாம்.

“பாவம், ஆசையைக் கெடுப்பானேன்னு நானே மெயிலைத் திறந்து வைப்பேன். அவங்க அடிப்பாங்க. நானே அனுப்பிடுவேன். ஆனா அடிக்கறது என்னன்னு நீங்களே பாருங்க.”

பதினோரு தாள்களை மேஜையில் பரப்பினார். முதல் தாளின் முதல் வரியைப் பார்த்தேன்.

aifjdyy lx/s,

அதற்குக் கீழே அரைப் பக்கத்துக்கு இதே ரகம். நடுநடுவே சாய்கோடு, அரைப்புள்ளி, அடைப்புக்குறி என்று சகல குப்பையும் கிடந்தது.

“எங்க அண்ணன் பையன் கீபோர்டு மேல ஏறி உட்கார்ந்தாக்கூட இதைவிட நல்லா வரும்,” என்றேன்.

அண்ணி முறைத்தார். அண்ணன் பையன் என்றால் அது அவர் பெற்ற பையன்தான் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

“இதெல்லாம் கடிதம்னு சத்தியம் பண்றாங்க மேடம்,” என்றார் இஸ்திரி. “நான் நல்லாத்தானே எழுதினேன், ஏன் பதிலே வரலைன்னு அழறாங்க. மனநல டாக்டர் வந்து பார்த்தாங்க. கீபோர்டு கோளாறா இருக்கலாம், வைரஸா இருக்கலாம், வெளியாள் யாராவது பார்த்து அது இல்லைன்னு எழுதிக் கொடுத்தா நான் கையெழுத்துப் போடறேன்னுட்டாங்க. இன்னிக்கு நாலு மணிக்கு மறுபடி வர்றாங்க. விடுதி வண்டியும் அப்பவே வருது.”

“என்ன விடுதி?”

“மனநிலை சரியில்லாதவங்களைப் பார்த்துக்கற இடம். நல்ல இடம்தான். எப்பவும் கதவைப் பூட்டியே வெச்சிருப்பாங்க. பாதுகாப்பு பாருங்க.”

பாதுகாப்பு என்ற வார்த்தையை அவர் சொன்ன மென்மை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்கவில்லை என்பதெல்லாம் ஒரு துப்பா?

“அம்மா வழக்கமா எந்த மொழியில மெயில் எழுதுவாங்க?” என்று கேட்டார் அண்ணி.

“இங்கிலீஷ்தான். அந்தக் கம்ப்யூட்டர்ல தமிழே கிடையாது. எப்பவுமே இருந்ததில்லை.”

சுவர்க் கடிகாரம் ஒன்றே முக்கால் காட்டியது.

காரில் போகும்போது அண்ணி மடியில் தாள்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தார். சிக்னலில் நின்றபோதுதான் வாயைத் திறந்தார்.

“உளர்றவங்க பத்தி பத்தியாப் பிரிச்சு எழுதுவாங்களா கொழுந்தனாரே?”

கொழுந்தனாரே என்று அவர் கூப்பிட்டால் மூளை வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம்.

“மேல ஒரு வரி, கமா. அப்புறம் ரெண்டு பத்தி. கீழ ஓரமா ஒரே ஒரு வார்த்தை. பதினொண்ணும் இப்படித்தான் இருக்கு. முதல் வரி எல்லாத்துலயும் எழுத்து மாறாம ஒண்ணுதான்.”

“வைரஸ்கூட எழுத்து மாறாமத்தான் வரும் அண்ணி. அதுக்குன்னு அதை உட்கார வெச்சு நலம் விசாரிக்க முடியுமா?”

“பச்சை விழுந்திருச்சு. ஓட்டு.”

அந்த வீட்டின் பின்னறையில், ஜன்னலோரம் ஒரு மேஜை. அதன் மேல் பழைய கம்ப்யூட்டர், பக்கத்தில் ஒரு பிரிண்டர். கட்டிலில் அந்த அம்மாள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். நெற்றியிலிருந்து மூக்கு வரைக்கும் வெள்ளைத் துணிக் கட்டு.

“யாருப்பா, கம்ப்யூட்டர் ரிப்பேரா?” என்று கேட்டார். “அதுக்கு ஒண்ணும் இருக்காது. எனக்குத்தான் என்னமோ ஆகிப்போச்சு.”

“ஏம்மா அப்படிச் சொல்றீங்க?” என்றார் அண்ணி.

“நான் சரியாத்தான் அடிக்கறேன்னு என் மனசு சொல்லுது. பையன் படிச்சுப் பார்த்துட்டு உளறல்ங்கறான். அவன் எதுக்கும்மா பொய் சொல்லணும்?”

அந்த அம்மாள் பயப்படவில்லை, கோபப்படவில்லை. தன்னைத்தானே நம்புவதை மெல்ல நிறுத்திக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு மணி நேரத்தில் ஒரு டாக்டரின் கையெழுத்து மிச்சத்தையும் முடித்துவிடும்.

வேலையைத் தொடங்கினேன். முதலில் அணைத்துப் போட்டேன். உலகத்தில் முக்கால்வாசிக் கம்ப்யூட்டர் வியாதிக்கு அதுதான் மருந்து. இது மசியவில்லை. வைரஸ் தேடினேன், இல்லை. கீபோர்டு வயரைப் பிடுங்கிச் செருகினேன், நன்றாக இருந்தது. ஒவ்வொரு கீயாகத் தட்டினேன், எந்த எழுத்தை அடித்தேனோ அதே எழுத்து வந்தது. யாராவது வெளியிலிருந்து மெயிலுக்குள் நுழைந்தார்களா என்று பார்த்தேன். ஒருவரும் இல்லை. பதினோரு மெயிலும் இதே அறையிலிருந்து, இதே கம்ப்யூட்டரிலிருந்துதான் போயிருந்தன.

நான் சரி, சரி என்று சொல்லச் சொல்ல இஸ்திரி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு ஒவ்வொரு சரியும் கசந்தது. என் ரிப்போர்ட் நூற்றுக்கு நூறு உண்மையாக இருக்கப்போகிறது. அந்த உண்மையை வைத்துத்தான் இந்த அம்மாளைப் பூட்டப்போகிறார்கள்.

“அம்மா, எங்களுக்காக ஒருதரம் அடிச்சுக் காட்டறீங்களா?” என்றார் அண்ணி.

கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தோம். விரல்கள் கீபோர்டின் மேல் தடவிச் சென்று, எஃப்பிலும் ஜேயிலும் இருக்கும் சின்ன மேட்டைத் தொட்டவுடன் நின்றன. பிறகு ஓட ஆரம்பித்தன. நான் இருபது வருஷமாக இரண்டு விரலால் குத்திக்கொண்டிருப்பவன். பத்து விரலும் ஒரே சீராக ஓடுவதைப் பார்த்து வாயைப் பிளந்தேன். திரையில் மட்டும் அதே குப்பை. நடுவில் இரண்டு முறை நின்று, அழிக்கும் கீயைத் தட்டி, மறுபடி ஓடினார். முடித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“பார்த்தீங்களா?” என்று பெருமூச்சு விட்டார் இஸ்திரி.

அப்போது அவருடைய போன் அடித்தது. “ஆமா, நாலு மணிக்குத்தான். வண்டியைப் பின்பக்கம் நிறுத்திடுங்க,” என்று பேசிக்கொண்டே ஹாலுக்குப் போனார். கதவை மூடவில்லை.

அண்ணி என் காதருகே குனிந்தார். “இந்தக் கீபோர்டு பழசா, புதுசா?”

“பழசு. எஃப் எழுத்து சுத்தமாத் தேஞ்சே போச்சு. ஹெச்சும் டியும் பாதிதான் தெரியுது. மட்டமான சரக்கு அண்ணி.”

“இங்கிலீஷ்ல அதிகமா வர்ற எழுத்து எது?”

“இ.”

“அந்த இ எப்படி இருக்கு, பாரு.”

பார்த்தேன். கடையிலிருந்து அப்போதுதான் வந்ததுபோல் பளபளவென்று இருந்தது.

“வருஷக்கணக்கா இங்கிலீஷ்ல மெயில் எழுதற கீபோர்டாம். இ தேயலையாம், எஃப் தேஞ்சிருச்சாம். சரி, அதை விடு. நடுவுல ரெண்டு தடவை பின்னால போய் அழிச்சாங்களே, கவனிச்சியா? எல்லாமே உளறல்னா அதுல எது தப்புன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? தப்புன்னு ஒண்ணு இருந்தா, சரின்னு ஒண்ணு இருந்தே ஆகணும்.”

அண்ணி அந்த அம்மாள் பக்கம் திரும்பினார்.

“நீங்க எங்கம்மா வேலை பார்த்தீங்க?”

“அச்சாபீஸ்ல. டைப்செட்டிங். முப்பத்திரண்டு வருஷம்.”

“எந்த மொழிம்மா?”

அந்த அம்மாள் முதல்முறையாகச் சிரித்தார். “இதென்னம்மா கேள்வி? தமிழ்தான்.”

நான் ஒரு முட்டாள். இதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்குத் தெரிந்த தமிழ் டைப்பிங் எல்லாம், இங்கிலீஷ் எழுத்தில் ‘அம்மா’ என்று அடித்தால் தமிழில் அம்மா என்று வருகிறதே, அதுதான். அப்படி அடித்துப் பழகியவன் தமிழைப் போட மறந்தாலும் திரையில் இருப்பதைப் படித்துவிடலாம். அச்சாபீஸ்காரர்கள் அடிப்பது வேறு வகை. அதில் ஒவ்வொரு கீக்கும் ஒரு தமிழ் எழுத்து. க இருக்கும் இடத்தில் இங்கிலீஷில் ஹெச் இருக்கும், ம இருக்கும் இடத்தில் கே இருக்கும். கம்ப்யூட்டரிலிருந்து தமிழை எடுத்துவிட்டு அவர்களை அடிக்கச் சொன்னால் என்ன வரும்? உளறல்தான் வரும். கண்ணில் கட்டு இருந்தால், வருவது உளறல் என்று அவர்களுக்குத் தெரியவும் தெரியாது.

என் லேப்டாப்பைத் திறந்து, தமிழில் அந்த முறையைப் போட்டு, முதல் தாளில் இருந்த எழுத்துகளை வரிசை மாறாமல் அடித்தேன். aifjdyy. திரையில் ‘அன்புள்ள’ என்று வந்தது. lx/s. நான் கேலி செய்த அந்தச் சாய்கோடு ழ-வாக மாறி உட்கார்ந்தது. ‘தோழி’.

அன்புள்ள தோழி, கண்ணில் கட்டு இருப்பதால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்வதற்கு என்ன வெட்கம்?

அண்ணி என் தோளைத் தட்டி, அம்மாள் காதில் விழாமல் கிசுகிசுத்தார். “அப்புறம் அழலாம். அந்தத் தோழி ஏன் பதில் போடலைன்னு பாரு.”

மெயிலின் செட்டிங்கைத் திறந்தேன். ஒரே ஒரு ஃபில்டர் போட்டிருந்தது. தோழியிடமிருந்து எது வந்தாலும் வாசலில் நிற்காமல் நேரே குப்பைத் தொட்டிக்குப் போக வேண்டும். தொட்டியைத் திறந்தால் பதினோரு பதில் கிடந்தது. ‘என்னடி அனுப்பியிருக்கே, ஒண்ணும் புரியலை’, ‘போனை எடு’, ‘உன் பையன் கூப்பிட்டு நீ யாரையும் அடையாளம் தெரியாம இருக்கேன்னு சொல்றானே, நிஜமா?’ எதையும் யாரும் திறக்கவில்லை. வைரஸுக்கு இப்படி ஆள் பார்த்துக் குப்பையில் போடத் தெரியாது. கண் கட்டியவருக்கும் முடியாது. இந்த மெயிலைத் தினமும் திறந்து மூடுகிறவர் ஒருவர்தான்.

“அந்தப் பாவி...” என்று ஆரம்பித்தேன்.

அண்ணி விரலை உதட்டில் வைத்தார். “இப்ப வாயைத் திறந்தா நம்ம ரெண்டு பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திடுவான். நாலு மணிக்கு டாக்டர் கண்ணுக்கு அந்தப் பதினோரு தாள்தான் தெரியும். டாக்டர் வர்ற வரைக்கும் நாம இங்க இருக்கணும். ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்கணும்.”

“எனக்கு அது பழக்கம்தானே அண்ணி.”

“என்ன படிக்கிறீங்க?” வாசலில் இஸ்திரி நின்றார்.

குப்பைத் தொட்டியை மூடிவிட்டு லேப்டாப்பை அரைத் திருப்பு திருப்பினேன். “லாக் ஃபைல் சார். எல்லாம் உள்ளே நடந்த கணக்கு. நம்ம மனுஷங்களுக்குப் புரியாது.”

அவர் மெல்ல நடந்து வந்து எனக்குப் பின்னால் நின்றார். சட்டையில் இஸ்திரி வாசனைகூட இன்னும் போகவில்லை. என் திரையில் நல்லவேளையாகப் பொடி எழுத்தில் ஒரு கீபோர்டு படம்தான் இருந்தது.

“மூன்றரைக்குள்ள முடிச்சுக் கொடுத்துடுங்க. டாக்டர் வரும்போது கூட்டம் வேண்டாம்.”

அந்த நேரம் பார்த்துத்தான் அந்த அம்மாள் கேட்டார்.

“தம்பி, நீயும் பார்த்துட்டேல்ல? உண்மையைச் சொல்லு. உளறல்தானா?”

இஸ்திரி என்னைப் பார்த்தார். அண்ணி ஜன்னலைப் பார்த்தார். ஆமாம் என்றால் அந்த அம்மாள் நொறுங்கிவிடுவார். இல்லை என்றால் வேலையே கெட்டுவிடும்.

பிறகுதான் அந்த யோசனை வந்தது. எந்தக் கீயில் எந்தத் தமிழ் எழுத்து என்று காட்டும் கீபோர்டு படம் என் பக்கத்தில் இருக்கிறது. அவர் விரலில் முப்பத்திரண்டு வருஷம் இருக்கிறது.

“கடைசியா ஒருதரம் கீயை எல்லாம் டெஸ்ட் பண்ணிடலாம்மா. விரலைக் கொடுங்க.”

அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து, ஜே மேல் வைத்து அழுத்தினேன். “இது சரியா அமுங்குதா?”

“ம்.”

“இது?” ஓ. “இது?” எஸ். எல், இரண்டு தடவை. “லேசா ஒட்டுதோ?” எக்ஸ். கே. எஃப்.

திரையில் josllxkf என்று வந்தது.

“அதே உளறல்தான்,” என்றார் இஸ்திரி பின்னாலிருந்து.

உளறல்தான். அவர் தமிழை எடுத்துவிட்ட திரையில் அது உளறல்தான். ஆனால் அந்த விரலுக்கு அது ப, டி, த்தோ, ம். படித்தோம்.

விரல் கடைசிக் கீயின் மேலேயே நின்றுவிட்டது. எடுக்கவில்லை. அந்த அம்மாள் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. கட்டுக்குக் கீழே கன்னம் ஒருமுறை துடித்தது. கத்திவிடுவாரோ என்று பயந்தேன்.

“எல்லாக் கீயும் நல்லாத்தான் வேலை செய்யுது தம்பி,” என்றார் நிதானமாக. “நானும் ஒருதரம் தட்டிப் பார்க்கறேன்.”

நாலே நாலு எழுத்து. ஒரு கேள்விக்குறி.

khiq?

லேப்டாப்பின் படத்தில் எழுத்து எழுத்தாகத் தேடினேன். கே என்றால் ம. ஹெச் என்றால் க. அடுத்த இரண்டும் சேர்ந்தால் னா.

மகனா?

அந்த மகன் என் முதுகுக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கீபோர்டில் நான் என்ன சொல்வேன்? பொய் சொல்லியிருக்கலாம். இன்னும் ஒரு மணி நேரம் அவரை நிம்மதியாக விட்டிருக்கலாம். ஆனால் பன்னிரண்டு நாளாக அந்த அம்மாளிடம் எல்லாரும் பொய்தான் சொல்லியிருக்கிறார்கள்.

விரலைப் பிடித்தேன். மூன்று கீ. qkf.

ஆம்.

அந்தக் கை என் கைக்குள் குளிர்ந்துபோனது. பிறகு தானாகவே விலகி மடிக்குப் போயிற்று.

மூன்றரைக்கு இஸ்திரி கையை நீட்டினார். “ரிப்போர்ட்?”

“பிரிண்ட் போட்டுத் தரோம் சார்,” என்றேன். எப்படி இழுத்தடிப்பது என்று புரியாமல் பிரிண்டர் பட்டனை அழுத்தினேன். அது பாதித் தாளை விழுங்கிவிட்டுக் கடகடவென்று இருமி நின்றது. என் கடை இருந்த காலத்தில் பிரிண்டர்களால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. இன்றைக்கு ஒரு பிரிண்டர் எனக்கு வேண்டிய நேரத்தில் கெட்டுப்போனது. அதைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பின்பக்க மூடியைக் கழற்றி, தாளைச் சின்னச் சின்னத் துண்டாக, மிகவும் அக்கறையாகப் பிய்த்து எடுத்தேன். அவர் வாசலுக்கும் அறைக்குமாக நடந்தார். அவர் முதுகு திரும்பும்போதெல்லாம் அம்மாளின் கம்ப்யூட்டரில் தமிழை ஏற்றினேன். லேப்டாப்பில் இரண்டு கடிதங்களை மறுபடி அடித்தேன். நான்காவதை அடிக்கும்போது கடைசி வரியில் இரண்டு இடத்தில் தப்பு விட்டேன்.

பதினோராவதில் இருந்த வரி இது: ‘வீட்டை விற்கக் கையெழுத்துக் கேட்டான், முடியாது என்றேன். அதிலிருந்து என்னவோ எனக்குப் புத்தி கலங்குகிறது என்கிறார்கள். நீயாவது உண்மையைச் சொல்.’

“போதும், விடுங்க,” என்று இஸ்திரி பிரிண்டர் வயரைப் பிடுங்கினார். முதல்முறையாகக் குரல் உயர்ந்தது. “கையால எழுதிக் கொடுங்க. கிளம்புங்க.”

அண்ணி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். “ரிப்போர்ட்டை டாக்டர் கையிலதான் கொடுப்போம். எங்க வழக்கம் அது.”

“நான்தான் உங்களைக் கூப்பிட்டேன். நானே போகச் சொல்றேன்.” அவர் அண்ணியின் நாற்காலியின் பின்புறத்தைப் பிடித்தார். நான் ஸ்குரூ டிரைவரோடு எழுந்தேன். எதற்கு எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அழைப்பு மணி அடித்தது.

டாக்டர் ஒரு பெண்மணி. களைத்த முகம், கையில் பை. உட்காராமலே, “ரிப்போர்ட் ரெடியா?” என்றார். இஸ்திரியின் குரல் மறுபடி பஞ்சாகிவிட்டது. “இதோ, இவங்கதான் பார்த்தாங்க டாக்டர்.”

அண்ணி எழுந்து நின்றார்.

“வைரஸ் இல்லை. கீபோர்டுல கோளாறு இல்லை. வெளியாள் யாரும் நுழையலை. பதினோரு மெயிலும் இந்த அம்மா தன் கையால அடிச்சது.”

இஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார், துக்கத்தில் இருப்பவர்போல. டாக்டர் பேனாவை எடுத்தார்.

“இன்னும் ஒண்ணே ஒண்ணு டாக்டர். இந்தக் கம்ப்யூட்டர்ல தமிழ் இருந்திருக்கு. யாரோ எடுத்திருக்காங்க.”

“தமிழே இருந்ததில்லைன்னு நான் சொன்னேனே!”

“நீங்க சொன்னீங்க. கீபோர்டு வேற சொல்லுது.” அண்ணி அதைத் தூக்கி டாக்டர் முன் வைத்தார். “எஃப் தேஞ்சு வெறும் கட்டையா இருக்கு பாருங்க. அச்சாபீஸ்காரங்க தமிழ் அடிக்கறப்ப அந்த இடத்துலதான் புள்ளி. புள்ளி வைக்காம நாலு வரி தமிழ் எழுதச் சொல்லுங்க பார்ப்போம்.”

டாக்டர் கீபோர்டைப் பார்த்தார். பிறகு இஸ்திரியைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

தமிழுக்கு மாற்ற நான் ஆல்ட்டையும் ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தினேன். “அம்மா, இப்ப அடிங்க. இப்ப எல்லாருக்கும் தெரியும்.”

அவர் எஃப்பையும் ஜேயையும் தடவிப் பார்த்தார். பத்து விரலும் ஓடின. திரையில் எழுத்து எழுத்தாகத் தமிழ் வந்தது. டாக்டர் குனிந்து வாய்விட்டுப் படித்தார்.

“டாக்டர், இன்று வியாழகிழமை. ஏழாம் நாள் கட்டை அவிழ்க்கச் சொன்னார்கள். இன்று பன்னிரண்டாம் நாள். தயவு செய்து அவிழ்த்துவிடுங்கள்.”

டாக்டர் நிமிர்ந்து அந்தக் கட்டைப் பார்த்தார்.

“கண் டாக்டர்தான் தள்ளிப் போடச் சொன்னார்...” என்று இஸ்திரி ஆரம்பித்தார்.

“அவர் நம்பர் என்கிட்ட இருக்கு. கேட்டுக்கறேன்,” என்றார் டாக்டர். வராந்தாவுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். வரும்போது முகம் மாறியிருந்தது. “ஜன்னல் திரையை இழுத்து விடுங்க. லைட்டை அணைங்க.”

துணி சுற்றுச் சுற்றாக அவிழ்ந்தது. சிவந்துபோன இரண்டு கண்கள், கொட்டிக் கொட்டித் திறந்தன. அந்த அம்மாள் மகனைப் பார்க்கவில்லை. முதலில் திரையைப் பார்த்தார்.

“வியாழக்கிழமைக்கு ஒரு ‘க்’ விட்டுட்டேன்,” என்றார். நகர்த்திப் போய் அதைத் திருத்தினார். அதற்குப் பிறகுதான் திரும்பினார்.

“நாலாவது கடிதம் எங்க தம்பி?”

லேப்டாப்பைத் தூக்கி நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. மகனைக் காட்டினார்.

“அவன்கிட்ட கொடு. பதினொண்ணையும் நீதானேடா அனுப்பினே? ஒண்ணையாவது படி. சத்தமாப் படி.”

“அம்மா, நான் வந்து...”

“படி.”

இஸ்திரி படித்தார். சட்டை மட்டும்தான் இன்னும் நிமிர்ந்து நின்றது.

“அன்புள்ள தோழி, நீ பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. உனக்கு என்ன வேலையோ. என்னை நினைத்துக் கவலைப்படாதே. கண் தெரியாவிட்டாலும் எனக்கு ஒரு குறையும் இல்லை...”

அதற்கு மேல் அவருக்கு வாய் வரவில்லை. இன்னும் ஒரே ஒரு வரி இருந்தது. அதை அந்த அம்மாள்தான் சொன்னார், திரையைப் பார்க்காமலே.

“என் மகன் பக்கத்துல இருக்கான்.”